க்ளஸ்டரும் ஸ்டேஜிங்கும் ஒரே ராக்கெட்ல – பறக்கவிட்டவங்க உங்க அனுபவத்தையும் போடுங்க

வணக்கம் மக்களே. நானே டிசைன் பண்ணி கட்டின டூ ஸ்டேஜ் மாடல் ராக்கெட் போன சீசன்ல நல்லபடியா ஏறி நல்லபடியா இறங்குச்சு, அதை விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. நான் இருக்கிறது டெக்ஸாஸ், அறுவடை முடிஞ்ச வயல்ல எங்க க்ளப் லாஞ்ச் போடுவாங்க.

க்ளஸ்டர்னா பல மோட்டார் ஒரே சமயத்துல எரியறது, ஸ்டேஜிங்னா கீழ இருக்கிறது எரிஞ்சு முடிஞ்சதும் மேல இருக்கிறது பத்திக்கிறது. கீழ் ஸ்டேஜ்ல மூணு மோட்டார். நடுவுல டி12-0, ரெண்டு பக்கமும் சின்ன பாட் (மோட்டார் வைக்கிற பக்கவாட்டு ட்யூப்) ஒட்டி அதுக்குள்ள ஆளுக்கொரு பி6-4. மேல் ஸ்டேஜ்ல ஒரே ஒரு டி12-7. எல்லாமே எஸ்டெஸ் கம்பெனியோட கரிமருந்து மோட்டார்தான், கடையில ரெடிமேடா வாங்குறது. புதுசா வர்றவங்களுக்காக சொல்றேன், எழுத்து ஒண்ணு ஏற ஏற மொத்த உந்துவிசையோட உச்சவரம்பு ரெண்டு மடங்காகும், பி-ன்னா 5 நியூட்டன் செகண்ட் வரைக்கும், சி 10, டி 20. அடுத்த நம்பர் சராசரி தள்ளுவிசை நியூட்டன்ல. கடைசி நம்பர் எரிஞ்சு முடிச்சப்புறம் எத்தனை செகண்ட் கழிச்சு பாராசூட்டை வெளிய தள்ளுற சார்ஜ் வெடிக்கும்ங்கிறது. அது 0-ன்னா தாமதமும் இல்ல சார்ஜும் இல்ல, மருந்து மேல்பக்கம் எரிஞ்சு முடியற நொடியில சூடான வாயுவும் நெருப்புத் துகளும் மேல பீய்ச்சி அடுத்த மோட்டாரைப் பத்தவைக்கும். எலக்ட்ரானிக்ஸ் எதுவுமே இல்லாம நடு வானத்துல ரெண்டாவது ஸ்டேஜ் பத்திக்குது பாருங்க, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான்.

ஏன் இந்த காம்பினேஷன்னா, பி6 ஒரு செகண்டுக்குள்ள எரிஞ்சு முடிஞ்சிடும், டி12 சுமார் 1.6 செகண்ட் எரியும். ராக்கெட் ராடை, அதாவது அதை நேரா பிடிச்சு ஏத்திவிடுற கம்பியை, விட்டு கிளம்புறப்போதான் எக்ஸ்ட்ரா தள்ளு தேவை, அதை பி6 ரெண்டும் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும், நடு மோட்டார் தொடர்ந்து எரிஞ்சு ஸ்டேஜிங்கை முடிக்கும், கீழ் பாகம் தனியா கழண்டு விழ ஆரம்பிச்சப்புறம் பி6-ஓட 4 செகண்ட் தாமதம் முடிஞ்சு பாட் மூக்குகளைத் தள்ளி ஸ்ட்ரீமரை (விழற வேகத்தைக் குறைக்கிற நீள ரிப்பன்) வெளிய விடும். எல்லாத்தையும் விட முக்கியம், பக்கத்து மோட்டார் ஒண்ணு பத்தாமப் போனாலும் நடு டி12 தனியாவே மொத்த எடையையும் தூக்கணும். என்னோடது லாஞ்ச் எடை 350 கிராம், டி12-0 ஒண்ணுக்கே கம்பெனி சொல்ற வரம்பு கிட்டத்தட்ட 396 கிராம், அதுக்குள்ள அடங்கணும்னுதான் பால்சா, பேப்பர் ட்யூப்னு எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைச்சேன்.

இப்ப நான் அடிச்சுச் சொல்ற விஷயத்துக்கு வரேன். க்ளஸ்டர் ராக்கெட்ல ஃபின் ஒட்டுறது, சாண்ட் பேப்பர் போடுறது, பெயிண்ட் இதெல்லாம் பாதி வேலைகூட இல்ல, மூணும் ஒரே சமயத்துல பத்தணும், அதுதான் வேலை. இக்னைட்டரை, அதாவது கரண்ட் பாஞ்சதும் மோட்டாரைப் பத்தவைக்கிற சின்ன ஒயர் திரியை, சீரிஸ்ல போடவே கூடாது, முதல்ல எரியறது சர்க்யூட்டை அறுத்துடும், மத்தது ரெண்டும் அப்படியே நிக்கும். பேரலல்லதான் போடணும். அப்ப மூணு மடங்கு கரண்ட் வேணும், நாலு பென்சில் பேட்டரி போடுற சின்ன கன்ட்ரோலருக்கு அது தாங்காது, 12 வோல்ட் கார் பேட்டரி, தடிமனான ஒயர் வச்சு செஞ்சோம். இதுல இன்னொரு நுணுக்கம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல, பேரலல்ல ஒரே ஒரு இக்னைட்டர் நல்லா இருந்தாலே சர்க்யூட் முழுசா இருக்குன்னு காட்டுற கன்டின்யூட்டி லைட் எரிஞ்சிடும், லைட்டை நம்பி மூணும் ஓகேன்னு முடிவு பண்ணக்கூடாது. அதனால மோட்டார்ல சொருகுறதுக்கு முன்னாடியே வீட்ல ஒவ்வொரு இக்னைட்டரையும் தனித்தனியா மீட்டர் வச்சு பார்த்து, ரெசிஸ்டன்ஸ் கிட்டக்கிட்ட இருக்கிற மூணை எடுத்து வச்சுக்கிட்டேன். சொருகும்போது முனை மருந்தைத் தொடணும், நடுவுல இடைவெளி இருந்தா கொஞ்சம் லேட்டாகும், க்ளஸ்டர்ல அந்தக் கொஞ்சமே ஜாஸ்தி. ஒயர் நுனிங்க ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்கான்னு லாஞ்ச் பேட்ல மண்டி போட்டு பார்த்துட்டுத்தான் எழுந்திருச்சேன்.

ஸ்டேஜ் ரெண்டையும் சேர்க்கிறது ரொம்ப சிம்பிள், கீழ் மோட்டார் தலையும் மேல் மோட்டார் நாஸிலும் (வாயு வெளிய வர்ற வாய்) ஒட்டினாப்ல வச்சு செல்லோடேப் ஒரு சுத்து. அது இல்லன்னா முதல் வாயு வந்ததுமே ரெண்டும் பிரிஞ்சிடும், நெருப்பு நாஸிலுக்குள்ள போறதுக்குள்ள மேல் பாகம் விலகிடும். ஓப்பன்ராக்கெட் சாஃப்ட்வேர்ல முழு ராக்கெட்டுக்கு ஒரு தடவை, மேல் ஸ்டேஜ் மட்டும் தனியா ஒரு தடவைன்னு ஸ்டெபிலிட்டி பார்த்தேன், ரெண்டுலயுமே எடை மையம் காற்றழுத்த மையத்துக்கு (காத்தோட தள்ளல் மொத்தமா விழற புள்ளி) முன்னாடி குறைஞ்சது ஒரு ட்யூப் விட்டமாவது இருக்கணும். மோட்டார் எல்லாம் பின்னாடி குவியறதால முழு ராக்கெட்ல இது சுலபமா வராது, கீழ் ஃபின்னை நல்லா பெருசாக்கினப்புறம்தான் வந்துச்சு.

லாஞ்ச் அன்னிக்கு காலைல காத்தே இல்ல. க்ளஸ்டர், மல்டி ஸ்டேஜ் எல்லாம் ஹெட்ஸ் அப் ஃப்ளைட்னு மைக்ல அறிவிப்பாங்க, எல்லாரும் எழுந்து நின்னு மேல பார்க்கணும். கால் இன்ச் ராட், ஆறடி. கவுன்ட் டவுன் முடிஞ்சு பட்டன் அழுத்தினதும் மூணு புகையும் சேர்ந்தே கிளம்புச்சு, சத்தமும் ஒரே சத்தம். அப்புறம் மேல போய் ஒரு சின்ன இடறல், உடனே ரெண்டாவது சீறல், கீழ் பாகம் புரண்டு புரண்டு விழுது, மேல் பாகம் நேரா ஊசி மாதிரி ஏறுது. என் பொண்ணு “அப்பா பத்திக்கிச்சு, பத்திக்கிச்சு”ன்னு கத்துறா, எனக்கு வாயில வார்த்தையே வரல. ஆல்டிமீட்டர் 1400 அடிக்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு. இந்த ஹாபியை இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணுமான்னு கேக்கிறவங்க ஒரு தடவை வந்து பாருங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

— கொலராடோலேருந்து

அருமையா எழுதியிருக்கீங்க அண்ணா. எஸ்டெஸ் கம்பெனி இருக்கிற பென்ரோஸ் எங்க ஸ்டேட்தான், 1958-ல வெர்ன் எஸ்டெஸ் மோட்டார் செய்யற மெஷின் கட்டி ஆரம்பிச்சது, அந்த மெஷினுக்கு மேபல்னு பேர் வச்சிருந்தாரு. எங்க க்ளப்ல ஒரு பெரியவர் நாலு மோட்டார் க்ளஸ்டர் விட்டாரு, ஒண்ணு பத்தல. ஆனா நாலும் நடுக்கோட்டை ஒட்டி நெருக்கமா இருந்ததால லேசா சாய்ஞ்சு போச்சே தவிர சுருண்டு விழல. அகலமா பரப்பி வச்சிருந்தா கதை வேற. நாஸிலை கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ச்சு, தள்ளுற கோடு எடை மையம் வழியா போற மாதிரி வைக்கிறதும் உண்டு, உங்க பாட்ல அப்படி வச்சீங்களா?

— நெவாடா லாஞ்ச்சுக்குப் போயிட்டு வந்தவன்

நான் பிளாக் ராக் பாலைவனத்துல பார்த்ததெல்லாம் காம்போஸிட் மோட்டார் (கரிமருந்துக்குப் பதிலா ரப்பர் மாதிரி திட எரிபொருள் போட்டது) ஸ்டேஜிங். அதுல இந்த நெருப்பு பீய்ச்சுற வித்தை நடக்காது, மேல் மோட்டாருக்கு தனி இக்னைட்டர், அதுக்கு எலக்ட்ரானிக்ஸ், ராக்கெட் ரொம்ப சாய்ஞ்சிருந்தா பத்தவைக்காம தடுக்கிற ஏற்பாடு வேற. சாய்ஞ்ச நிலையில ரெண்டாவது ஸ்டேஜ் பத்துறதுதான் மல்டி ஸ்டேஜ்ல நான் உண்மையா பயப்படுற விஷயம், பக்கவாட்டுல மைல் கணக்குல போயிடும். கரிமருந்துல அந்தத் தடுப்பு கிடையாது, அதனால காத்து இல்லாத நேரமா பார்த்து விட்டீங்க பாருங்க, அது ரொம்ப சரி. காத்து மணிக்கு 20 மைல் வேகம் வரைக்கும் இருந்தா ரூல் விடுது, நான் டூ ஸ்டேஜை அதுல பாதிகூட தாண்டவிட மாட்டேன்.

— திரும்பவும் நான்

கொலராடோ தம்பி, பாட் உடம்போட ஒட்டியே இருக்கு, சாய்க்கல. பி6 சீக்கிரம் முடியறதால தேவைப்படல, டி12 மூணு போட்டிருந்தா கட்டாயம் யோசிச்சிருப்பேன். நெவாடா நண்பர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, பட்டன் அழுத்தி எதுவும் நடக்கலைன்னா கன்ட்ரோலர் கீயை உருவிட்டு ஒரு முழு நிமிஷம் யாரும் பேட் கிட்ட போகக்கூடாது, க்ளஸ்டர்ல ஒண்ணு உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டு இருக்கலாம். அப்புறம் மோட்டார் மருந்தை வீட்ல கலக்கலாமான்னு தனியா மெசேஜ்ல கேட்ட தம்பிக்கு, வேண்டவே வேண்டாம்ப்பா, உடம்பு ட்யூப், ஃபின், பாட், கப்ளர் எல்லாத்தையும் உன் கையால செய், மோட்டாரை மட்டும் கடையில வாங்கு. அடுத்ததா இதே கீழ் ஸ்டேஜுக்கு கொஞ்சம் மெலிசான மேல் ஸ்டேஜ் ஒண்ணு வரைஞ்சுக்கிட்டு இருக்கேன், ஓப்பன்ராக்கெட் ஃபைல் வேணும்ங்கிறவங்க சொல்லுங்க, அனுப்பறேன்.