குவேக்கர் வழக்குகள்: மூன்று மாதச் சிறைக்குரிய குற்றத்துக்கு ஆயுள் சிறை எப்படி?

பழஞ்சுவடி கேட்டது:

1660களின் இங்கிலாந்தில், அரசுத் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபட்ட கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் வழக்குகளில் ஒரு கணக்கு உதைக்கிறது. 1662 குவேக்கர் சட்டப்படி, 16 வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேரோ அதிகமோ கூடி வழிபட்டால் முதல் தடவை 5 பவுண்டு வரை அபராதம், கட்டாவிட்டால் 3 மாதம். இரண்டாம் தடவை 10 பவுண்டு, 6 மாதம். மூன்றாம் தடவை நாடுகடத்தல். 1664-இல் வந்த கூட்டத் தடைச் சட்டமும் கிட்டத்தட்ட இதே படிக்கட்டுதான். ஆனால் குவேக்கர் தலைவர்களில் ஒருவரான மார்கரெட் ஃபெல் 1664-இல் லங்காஸ்டர் சிறைக்குள் போனவர் 1668-இல்தான் வெளியே வருகிறார். சொத்துப் பறிமுதலும் தீர்ப்பில் இருக்கிறது. இது எந்தச் சட்டம்?

இன்னும் இரண்டு. அரசருக்கு அவர்கள் கொடுத்த அமைதி அறிக்கைக்குச் சில இடங்களில் 1660 என்றும் சில இடங்களில் 1661 என்றும் ஆண்டு போடுகிறார்கள். எது சரி? அப்புறம், குவேக்கர்கள் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொடுத்த மனுக்களால் உண்மையில் ஏதாவது நடந்ததா? அல்லது அவர்கள் வழிபாட்டை அனுமதித்த 1689 சகிப்புச் சட்டம் அரசியல் காற்று மாறியதால் தானாக வந்ததா?

சாட்சிக்கூண்டு எழுதியது:

கூட்டம் கூடியது கைதுக்கான காரணம் மட்டுமே. ஆயுள் சிறை சத்தியப் பிரமாணத்திலிருந்து வந்தது.

1605 வெடிமருந்துச் சதிக்குப் பிறகு கத்தோலிக்கரைப் பிடிக்க 1606-இல் ஒரு விசுவாசப் பிரமாணம் கொண்டு வந்தார்கள். போப்புக்கு அல்ல, அரசருக்கே கட்டுப்பட்டவன் என்று ஆணையிட வேண்டும். போப்புக்கும் குவேக்கருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்று மத்தேயு 5-இல் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். எந்தப் பிரமாணமும் செய்யமாட்டார்கள். 'அரசருக்கு உண்மையாக இருப்பேன்' என்று சாதாரண வார்த்தையில் சொல்லத் தயார்தான். அது செல்லாது.

நடைமுறை இப்படி. கான்ஸ்டபிள் கூட்டத்திலிருந்து ஆளைப் பிடித்து வருகிறார். அங்கே வழிபாடு நடந்தது என்று நிரூபிப்பது தலைவலி. குவேக்கர் கூட்டத்தில் பல நேரம் யாரும் வாயே திறப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருந்ததற்கு என்ன சாட்சி சொல்வது? அதனால் நீதிபதி அதை விட்டுவிட்டுப் பிரமாண வாசகத்தை நீட்டுவார். மறுப்பு நீதிமன்றத்திலேயே, எல்லார் கண்முன்னும் நடக்கிறது. தனிச் சாட்சி தேவையில்லை. அடுத்த அமர்வில் மறுபடி நீட்டி, மறுபடி மறுத்தால் 'பிரெமுனைரி' தண்டனை: அரசரின் பாதுகாப்பு போகும், நிலமும் பொருளும் போகும், அரசர் விரும்பும் வரை சிறை. ஃபெல் மீது வந்தது இதுதான்.

தப்பிக்க இருந்த ஒரே சந்து, குற்றப்பத்திரிகையில் பிழை கண்டுபிடிப்பது. குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் லங்காஸ்டரில் தேதிப் பிழையையும் விடுபட்ட சொல்லையும் காட்டி அதை உடைத்தார். நீதிபதி அங்கேயே புதிதாகப் பிரமாணத்தை நீட்ட, பழையபடி உள்ளே. பின்னால் வூஸ்டரில் அவர் மீது வந்த இதே மாதிரி வழக்கில் மட்டும் பிழை பலித்தது: 1675-இல் மேத்யூ ஹேல் தலைமையிலான அரச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

வழிப்போக்கன் எழுதியது:

குவேக்கர் வில்லியம் பென் மீதான 1670 வழக்கும் கூட்டத் தடைச் சட்டத்தில் வந்ததுதானே? தொப்பி கழற்றாததற்குத்தான் தண்டனை என்றும் படித்தேன்.

சாட்சிக்கூண்டு எழுதியது:

இல்லை. 1670-இல் வந்த இரண்டாம் கூட்டத் தடைச் சட்டத்தில் ஒரே நீதிபதி, ஜூரி இல்லாமலே அபராதம் போட்டு முடித்திருக்கலாம். பென்னையும் வில்லியம் மீடையும் பொதுச் சட்டப்படி 'கலகக் கூட்டம்' என்று லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதனால்தான் ஜூரி வந்தது, அரசுத் தரப்பு மாட்டிக்கொண்டது. 'கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம்' என்பதற்கு மேல் ஜூரி நகரவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்தும் மசியவில்லை. கடைசியில் குற்றமற்றவர்கள் என்றார்கள். ஜூரி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், ஆக 26 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். எட்வர்ட் புஷெல் கட்ட மறுத்து ஆட்கொணர்வு கேட்டார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாகன் சொன்னது அதில்தான்.

தொப்பி தனிக் கதை. உள்ளே வரும்போது தலையில் தொப்பி இல்லை. நீதிமன்றமே போடச் சொல்லி, பிறகு கழற்றவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு அபராதம் விதித்தது. குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்த பிறகும் பென் உள்ளே போனது அந்த அபராதத்துக்காக.

நாள்கணக்கு எழுதியது:

தேதிக்கு வருகிறேன். இரண்டும் சரி, எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. குவேக்கர்கள் மாதங்களின் பெயர்கள் புறச்சமயத் தெய்வப் பெயர்கள் என்று எண்ணால் குறித்தார்கள். முதல் மாதம் மார்ச். ஆக '11-ஆம் மாதம் 21, 1660' என்பது நம் கணக்கில் 1661 ஜனவரி. நவம்பர் என்று எடுத்தால் கதையே தலைகீழாகிவிடும். கிறிஸ்துவின் ஆட்சி சீக்கிரம் வரும் என்று நம்பிய ஐந்தாம் முடியாட்சிக் குழுவினர் தாமஸ் வென்னர் தலைமையில் லண்டனில் கலகம் செய்தது 1661 ஜனவரி 6. அதைச் சாக்காக வைத்துச் சில வாரங்களில் 4,000-க்கும் மேற்பட்ட குவேக்கர்களை அடைத்தார்கள். 'நாங்கள் ஆயுதம் எடுப்பவர்கள் அல்ல' என்ற அறிக்கை அதற்கான பதில். 1660 ஜனவரி என்று எழுதுபவர்களுக்கு ஒரு சோதனை: அப்போது அரசர் இரண்டாம் சார்லஸ் நாட்டிலேயே இல்லை, மே மாதம்தான் திரும்பினார்.

மார்ச் மாதம்தான் அதிகம் ஏமாற்றும். அமெரிக்கக் காலனியான மாசசூசெட்ஸின் பாஸ்டனில் குவேக்கர் வில்லியம் லெட்ராவைத் தூக்கிலிட்டது மார்ச் 14. 25-க்கு முந்தியது என்பதால் அன்றைய கணக்கில் இன்னும் 1660, நமக்கு 1661. அதனால் 1660/61 என்று எழுதுவது உத்தமம். அங்கேயே மேரி டயரைத் தூக்கிலிட்ட 1660 ஜூன் 1-இல் இந்தச் சிக்கல் இல்லை. 1752-க்குப் பிறகு முதல் மாதம் ஜனவரி ஆகிவிட்டது.

மனுக்கட்டு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம், ஆனால் பாதி' என்பேன்.

முதலில் மனு எப்படித் தயாரானது என்று பாருங்கள். ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் யார் பிடிபட்டார், என்றைக்கு, எந்த அதிகாரி, அபராதம் எவ்வளவு, என்ன பொருள் பறித்தார்கள், அதன் மதிப்பு என்ன என்று பதிந்து லண்டனுக்கு அனுப்பியது. 10 ஷில்லிங் பாக்கிக்கு ஒரு பசு போனால் இரண்டு தொகையும் அடுத்தடுத்து இருக்கும். கண்ணீரைவிட அந்த வித்தியாசம்தான் பேசியது. 1676 முதல் இதற்கென்றே லண்டனில் 'துன்பங்களுக்கான கூட்டம்' இயங்கியது.

1659-இல் 164 பேர் நாடாளுமன்றத்திடம், சிறையில் சாகக் கிடப்பவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பதில் எங்களை அடையுங்கள் என்று பெயர் எழுதிக் கொடுத்தார்கள். பலனில்லை. அதே ஆண்டு தசமபாகத்துக்கு (திருச்சபைக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கு) எதிராக 7,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை.

பலித்தது 1661. மாசசூசெட்ஸில் நான்கு குவேக்கர்கள் தூக்கில் போனதும் குவேக்கர் எட்வர்ட் பரோ அரசரை நேரில் பார்த்துப் பேசினார். மரண தண்டனையை நிறுத்து, கைதிகளை இங்கிலாந்துக்கு அனுப்பு என்று செப்டம்பரில் உத்தரவு வந்தது. அதைக் கொண்டுபோனவர் சாமுவேல் ஷாட்டக், அந்தக் காலனியே உயிர்ப் பயம் காட்டித் துரத்திய குவேக்கர். 300 பவுண்டுக்குக் கப்பல் பேசிப் போனார்கள். தூக்கு நின்றது. சவுக்கு நிற்கவில்லை: வண்டியின் பின்னால் கட்டி ஊர் ஊராக அடித்துத் துரத்தும் சட்டம் தொடர்ந்தது. பரோ 1663-இல் நியூகேட் சிறையில் செத்தார்.

1672-இல் ஜார்ஜ் ஒயிட்ஹெட் முதலானோர் முயன்று 491 பேருக்கு ஒரே மன்னிப்பு ஆவணம் வாங்கினார்கள். பெயருக்குப் பெயர் முத்திரைக் கட்டணம் என்றால் கட்டுப்படியாகாது. ஒரே ஆவணமாக்கியது அதனால்தான். குவேக்கர்களோடு சதா வாதச் சண்டை போட்ட போதகர் ஜான் பன்யனும் அதே பட்டியலில் நுழைந்து வெளியே வந்தார்!

1670-க்குப் பிறகு மனுவின் தொனியும் மாறியது. புதுச் சட்டம் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் துப்புக் கொடுப்பவனுக்குத் தந்தது. கட்ட முடியாத ஏழையின் அபராதத்தைக் கூட்டத்தில் இருந்த வசதியானவரிடம் வசூலிக்கவும் வழி செய்தது. 'மனசாட்சி கடவுளுடையது' என்ற வாதத்தோடு, தறியைப் பறித்தால் அந்தக் குடும்பத்துக்குத் திருச்சபை வட்டமே சோறு போட வேண்டும் என்ற வாதமும் சேர்ந்தது. நீதிபதிகளுக்கு இரண்டாவதுதான் உறைத்திருக்கும் என்பது என் ஊகம்.

1689 தானாக வந்ததல்ல, முழுசாகவும் வந்ததல்ல. விசுவாசப் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி அனுமதித்தார்கள். கூட்ட இடத்தைப் பதிந்து, கதவைப் பூட்டாமல் வைக்க வேண்டும். நீதிமன்றச் சாட்சிக்கு 1696 வரை காத்திருந்தார்கள். அப்போதும் குற்ற வழக்குச் சாட்சி, ஜூரி, அரசுப் பதவி கிடையாது. வாசகத்தில் 'எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில்' என்று இருந்ததால், இதுவும் சத்தியம்தானே என்று அவர்களுக்குள்ளேயே பிளவு. அது 1722-இல்தான் நீங்கியது. தசமபாகம் மட்டும் அசையவில்லை. 1696-இன் அதே சட்டம், 10 பவுண்டு வரையிலான பாக்கியைக் குவேக்கர்களிடமிருந்து நீதிபதிகளே சுருக்கமாக வசூலிக்க வழி செய்து வைத்தது.

பழஞ்சுவடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 'பிரெமுனைரி'யைத் தமிழில் எப்படி எழுதுவது?

சாட்சிக்கூண்டு எழுதியது:

ஒலிபெயர்த்தே எழுதுங்கள். ரோமுக்கு வழக்கை எடுத்துப் போவோரைத் தடுக்க 14-ஆம் நூற்றாண்டில் வந்த சட்டத்தின் பெயர் அது, ஆணை தொடங்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முதல் தடவை 'அரசரின் பாதுகாப்பு நீக்கமும் சொத்துப் பறிமுதலும்' என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். 'நாடுகடத்தல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வேறு தண்டனை.