முட்டி வலியுள்ள அம்மாவோடு ஓர்வியேத்தோ: ரயிலா, காரா?

தோட்டத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்
வணக்கம். அக்டோபர் கடைசியில் நாலு பேர் ரோம் போகிறோம். ஒரு நாளை ஓர்வியேத்தோ மலை நகருக்கு ஒதுக்க ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி, ஏற்றம் ஆகாது. நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம். வெள்ளிக்கிழமை அம்மா சுத்த சைவம். கார் எடுக்கலாமா? மேலே எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தண்டவாளம்
ரயில்தான் தம்பி. ரோமின் தலைமை நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். தாள் டிக்கெட்டை ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைப்பேசி டிக்கெட்டுக்கு செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஊர் எரிமலைப் பாறையின் உச்சியில், ரயில் நிலையம் அடிவாரத்தில். நிலையத்துக்கு எதிரிலேயே கம்பி இழுக்கும் மலை ரயில் இருக்கிறது. சில நிமிடத்தில் பியாத்சா காஹென் சதுக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பேராலயம் ஒரு கிலோமீட்டர் போல, மெல்ல ஏறும் பாதை. அம்மாவை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், சதுக்கத்திலிருந்தே பஸ் உண்டு.

காரில் போனால், பழைய நகருக்குள் அனுமதியில்லாத வண்டியைக் கேமரா பிடித்துவிடும். அபராதம் ஊர் திரும்பிய பிறகு வரும், வாடகை நிறுவனமும் தன் பங்குக்குக் கட்டணம் வெட்டும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஜேபிஜே-யில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுங்கள். வண்டியைக் காம்போ தெல்லா ஃபியேரா நிறுத்துமிடத்தில் விட்டால் மின்படியும் லிஃப்டும் மேலே கொண்டுபோகும்.

பழங்கல்
பேராலயத்துக்கே நேரத்தைக் கொடுங்கள். 1290-இல் தொடங்கிய கட்டடம். முகப்பு மேற்கு பார்த்தது, அதனால் பொன் மொசைக் பிற்பகல் வெயிலில்தான் மின்னும். காலையில் போனால் பாதி அழகு போச்சு. உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் ஓவியர் சிஞோரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்கள்; உயிர்த்தெழும் உடல்களின் தசைகளைப் பொறுமையாகப் பாருங்கள். வத்திக்கானின் சிஸ்டீன் சிற்றாலயத்தில் மைக்கேலேஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்புக்கு இவை முப்பது ஆண்டுக்கும் மேல் மூத்தவை. தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.

புனித பாட்ரிக் கிணறு அம்மாவுக்கு வேண்டாம். 248 படி, பத்துமலையின் 272-க்குக் கொஞ்சம்தான் குறைவு. அதோடு இங்கே முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். நடுவழியில் திரும்பவும் முடியாது: இறங்கவும் ஏறவும் தனித்தனிச் சுருள் பாதைகள், தண்ணீர் சுமந்த கழுதைகள் முட்டிக்கொள்ளாமலிருக்கச் செய்த ஏற்பாடு. இளையவர்கள் கட்டாயம் இறங்குங்கள். பாறைக்குள் குடைந்த நிலத்தடிக் குகைகளிலும் படியும் குறுகல் வழியும் உண்டு, வழிகாட்டியோடுதான் விடுவார்கள். ஆகவே எல்லாம் சேர்ந்த ‘கார்த்தா ஊனிக்கா’ சீட்டு இளையவர்களுக்கு மட்டும் போதும், அம்மாவுக்குப் பேராலயச் சீட்டு.

தோட்டத்துப்பிள்ளை
மிக்க நன்றி. சாப்பாடு?

அடுப்படி
மெனுவில் மான்ஸோ என்றால் மாடு, வித்தெல்லோ கன்று, பிரெசாவோலா உலர்த்திய மாட்டிறைச்சி. ராகூ என்ற சாறில் பெரும்பாலும் மாடு சேரும். சிங்கியாலே என்று போட்டிருந்தால் காட்டுப்பன்றி. ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் கேட்டால் பன்றித் துண்டு போட்ட சூப் வந்துவிடலாம், பன்றியும் வேண்டாமென்று தனியாகச் சொல்லுங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைக்குச் சீஸ் இல்லாத மரினாரா பீட்சா, பூண்டும் எண்ணெயும் போட்ட பாஸ்தா. மதியச் சமையல் இரண்டரைக்குள் முடிந்துவிடும்.

தண்டவாளம்
இன்னொன்று: அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதன் பிறகு ஐந்து மணிக்கே வெயில் போய்விடும். மூன்று மணிக்குப் பேராலய முகப்பில் நில்லுங்கள். வேலை நிறுத்தம் அறிவித்திருந்தால், வார நாளில் காலை 6–9, மாலை 6–9 மணிக்கு உறுதி செய்யப்பட்ட வட்டார ரயில்கள் ஓடும். திரும்பும் பயணத்தை அந்த நேரத்தில் வையுங்கள்.