சி.பி.எல். கையில், வேலை இன்னும் இல்லை: டெல்லி வந்திருக்கும் தம்பிக்கு

கேள்வி:
ஊர் தூத்துக்குடி. 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) வாங்கியாகிவிட்டது. ஏர்லைன் ஆபீஸ்கள் குருகிராமில் இருக்கின்றன என்று டெல்லிக்கு வந்து முனிர்க்காவில் பி.ஜி.யில் (வாடகை விடுதி) இருக்கிறேன். பைலட் பற்றாக்குறை என்று பேப்பரில் வருகிறது, எனக்கு ஒரு பதில் மெயில்கூட வரவில்லை. டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார் ஓர் ஏஜென்ட். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, முதலில் அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் விமானி இல்லை, இங்கே ஃப்ளைட் டிஸ்பாட்ச்சில், அதாவது விமானம் கிளம்பும் முன் பயணத் திட்டம் போடும் பிரிவில் இருப்பவன். ரோஸ்டர் (யாருக்கு எப்போது டியூட்டி என்ற பட்டியல்) போடும் ஆட்களோடுதான் தினமும் பாடு. பேப்பரில் வரும் பற்றாக்குறை வேறு, உங்கள் நிலைமை வேறு. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானது ஞாபகம் இருக்கும். விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகி, இரவுத் தரையிறக்கத்துக்கும் வரம்பு இறுகியதில் ரோஸ்டர் தாங்கவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டவர்கள் அந்த விமானத்தை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். கேப்டன் ஆவதற்கான உரிமமான ஏ.டி.பி.எல்.லுக்கே 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணிக்காரரை எடுத்து அன்றைய ஓட்டையை அடைக்க முடியாது.

ஆனால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவை ஒரே நாளில் வந்து இறங்காது, புதியவர்களை எடுப்பதும் அலை அலையாகத்தான் நடக்கும். நடுவில் ஒரு கம்பெனி படுத்தால் வரிசை இன்னும் நீளும். 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அனுபவமுள்ளவர்களே வேலை தேடி வந்து உங்களைப் போன்றவர்களுக்கு முன்னால் நின்றார்கள். கம்பெனிகளே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

இப்போது அந்த டைப் ரேட்டிங் விஷயம். ஆஃபர் இல்லாமல் சொந்தக் காசில் செய்வதை நான் சூதாட்டம் என்றுதான் சொல்வேன். இண்டிகோவில் ஓடுவது பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்கள். ஆகாசாவில் போயிங் 737. நீங்கள் லட்சக்கணக்கில் கொட்டி ஒன்றைப் படித்துவிட்டு, ஆள் எடுப்பது மற்றொன்றுக்கு என்றால்? படித்ததும் ஓட்டாமல் கிடந்தால் துருப்பிடிக்கும், மறுபடி சிமுலேட்டர், மறுபடி காசு. 'வேலை நிச்சயம்' என்பவரிடம், ஏர்லைன் பெயரில் எழுதிய கடிதம் கேளுங்கள். அதோடு போன் எடுக்க மாட்டார்.

காத்திருக்கும் காலத்தில் பேப்பர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை. விமானிகளுக்கான க்ளாஸ் 1 மெடிக்கல், 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வருடம் ஒரு முறை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் அப்படியே. ஆங்கிலத் தேர்ச்சி லெவல் 4 என்றால் மூன்று வருடம்தான் செல்லும். டி.ஜி.சி.ஏ.வின் (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) ஆன்லைன் தளமான இ.ஜி.சி.ஏ.வின் லாக்புக்கில் உள்ள மணிக்கணக்கும் கையால் எழுதிய லாக்புக்கும் ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் டி.ஜி.சி.ஏ. அலுவலகத்துக்குத் தினமும் நடையாய் நடந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, பெரும்பாலும் எல்லாம் ஆன்லைன்தான். இன்னொன்று, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்கும் செக்குக்குப் பறக்க வேண்டியிருந்தால் டிசம்பர், ஜனவரியை நம்பாதீர்கள். வடக்கே பனிமூட்டத்தில் பயிற்சி விமானம் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். நவம்பருக்குள் முடியுங்கள், இல்லையென்றால் தெற்கே போய்ப் பறந்துவிட்டு வாருங்கள்.

சும்மா காத்திருப்பதைவிட நல்ல வழி, மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கும் அசிஸ்டன்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங். பாராமதி, கோண்டியா, சாகர், அமேதி பக்கமெல்லாம் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. சோறும் ஊரும் பிடிக்காமல் போகலாம், ஆனால் மணி நேரமும் ஏறும், சம்பளமும் வரும், கையும் சூடாக இருக்கும். டெல்லியில் உட்கார்ந்து பி.ஜி. வாடகை கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அதற்கும் இடமில்லை என்றால் டிஸ்பாட்ச், ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் வேலைக்கு எழுதிப்போடுங்கள். அதைக் கேவலமாக நினைக்கும் பசங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு பதில் (ஏ320 கோ-பைலட், துவாரகா):
அண்ணன் சொன்னதற்கு மேல் கொஞ்சம். ஏர்லைன் தேர்வில் நேவிகேஷன், மெட் (வானிலை), ரெகுலேஷன்ஸ் மூன்றையும் மறுபடி கேட்பார்கள், அதோடு கம்ப்யூட்டரில் சைக்கோமெட்ரிக் (மனத்திறன் சோதனை), குரூப் டாஸ்க், இன்டர்வியூ. சி.பி.எல். வந்ததும் புத்தகத்தை மூடியவர்கள்தான் முதல் சுற்றிலேயே வெளியே போகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேளுங்கள். துவாரகாவில் கிரவுண்ட் க்ளாஸ் நடக்கும் இடங்கள் நிறைய, கூட்டாளி கிடைப்பது கஷ்டமில்லை. இன்டர்வியூவில் ஹிந்தி வேண்டாம், வீட்டு ஓனரிடம் பேசத்தான் வேண்டும். ஊர்க்காரர்களைப் பார்க்க ஆர்.கே. புரம் மலை மந்திரும் பக்கத்தில் தமிழ்ச் சங்கமும் போதும்.

அறை மாறுவதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாடகை ஒப்பந்தத்தையும் போலீஸ் வெரிஃபிகேஷனையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஒப்பந்தம் பேங்க், ஆதார் முகவரி மாற்றம் என்று எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். ஏஜென்ட் அனுப்பிய மெஸேஜை அழித்துவிடாதீர்கள் தம்பி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.