1903 தீயணைப்புப் படம்: ஒரே பெண்ணை ஏன் இரண்டு தடவை காப்பாற்றுகிறார்கள்?

ரீல்பெட்டி:
எங்கள் கல்லூரி ஃபிலிம் கிளப்பில் ஒரு மாலை முழுக்க மௌனப் படங்கள் போடப் போகிறோம். எட்வின் எஸ். போர்ட்டர் எடிசன் கம்பெனிக்காக எடுத்த ‘லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ பட்டியலில் இருக்கிறது. ஆறு நிமிடப் படம்தான். ஆனால் இணையத்தில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது.

ஒன்றில், புகை சூழ்ந்த அறையில் ஒரு பெண் மயங்கி விழுகிறாள். ஒருவர் கதவை உடைத்துக்கொண்டு வந்து, அவளைத் தூக்கி ஜன்னல் வழியாக ஏணியில் இறங்குகிறார். மறுபடி வந்து குழந்தையையும் எடுத்துப் போகிறார். படம் முடிந்தது என்று பார்த்தால், அதே சம்பவம் தெருவில் இருந்து பார்ப்பதுபோல் முதலில் இருந்து தொடங்குகிறது! இன்னொரு பிரதியில் உள்ளே, வெளியே என்று மாறி மாறி வெட்டி, இன்றைய படம் போலவே ஓடுகிறது. போர்ட்டர் எடுத்தது எது? முதலாவதைப் போட்டால் பசங்க சிரிப்பார்களோ என்று பயம்.

நைட்ரேட்:
இரண்டு தடவை வருவதுதான் போர்ட்டருடையது.

அது நமக்குத் தெரியவந்ததற்குக் காரணம் ஒரு சட்டச் சிக்கல். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்று தனி இனமே கிடையாது. அதனால் கம்பெனிகள் முழுப் படத்தையும் நீளமான காகிதச் சுருளில் அச்சடித்து, புகைப்படம் என்ற கணக்கில் பதிவு செய்தார்கள். அந்தச் சுருள்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்தன. அன்றைய நைட்ரேட் ஃபிலிம்கள் (எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகை) எரிந்தும் மக்கியும் போன பிறகு இந்தக் காகிதம்தான் மிஞ்சியது. அதை மறுபடி ஃபிலிமுக்கு மாற்றியவர் கெம்ப் நிவர். இந்த வேலைக்காக அவருக்குக் கௌரவ ஆஸ்கரே கொடுத்தார்கள்.

போர்ட்டர் படத்தின் காகிதப் பிரதியில் மீட்பு இரண்டு தடவைதான் இருக்கிறது. மாறி மாறி வெட்டிய பிரதி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1940களில் வந்தது. நவீன எடிட்டிங்கை போர்ட்டர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று பலர் அதைப் பார்த்துத்தான் நம்பினார்கள். அப்புறம் சார்லஸ் மஸ்ஸர், ஆந்த்ரே கோத்ரோ போன்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, அது பின்னால் யாரோ திருத்தி ஒட்டியது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அன்றைய ஆட்களுக்கு இது குழப்பமாகவும் இருந்திருக்காது. 1902இல் பிரெஞ்சு இயக்குநர் மெலியெஸ் எடுத்த, நிலாவுக்குப் பயணம் போகும் படத்தைப் பாருங்கள். ராக்கெட் நிலாவின் கண்ணில் குத்துகிறது, அடுத்த காட்சியில் மறுபடி நிலாவில் வந்து இறங்குகிறது. ஒரு இடத்தில் நடப்பதை முழுசாகக் காட்டிவிட்டுத்தான் அடுத்த இடம். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் வேறு கோணத்தில் மறுபடி காட்டும்போது ‘இரண்டு பேர் அவுட்டா?’ என்று நாம் கேட்பதில்லையே.

பழைய டெண்டர்:
நான் தீயணைப்புத் துறையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றவன். சினிமா ஞானம் கம்மி. இந்தப் படத்தைப் பேரன் லேப்டாப்பில் காட்டினான். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன் தம்பி.

மீட்பை விட்டுவிட்டு முதலில் அந்த அலாரம் பெட்டியைப் பாருங்கள். தெருவில் பெட்டி, ஒரு கை வந்து கதவைத் திறந்து கொக்கியை இழுக்கிறது. ஆள் முகமே கிடையாது. அந்தப் பெட்டி தந்தி முறையில் வேலை செய்வது. இழுத்ததும் உள்ளே ஒரு சக்கரம் சுற்றி அந்தப் பெட்டியின் எண்ணை அனுப்பும், ஸ்டேஷனில் அந்த எண்ணிக்கைக்கு மணி அடிக்கும். பேசவே வேண்டாம். நான் சர்வீஸில் இருந்தபோது ஃபயர் கால் வந்தால் பாதிப் பேர் ‘சீக்கிரம் வாங்க’ என்று கத்திவிட்டு இடத்தைச் சொல்லாமல் போனை வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்தது டர்ன் அவுட், அதாவது மணி அடித்ததும் கிளம்புவது. கட்டிலில் இருந்து எழுந்து, உடுப்பை மாட்டி, கம்பத்தைப் பிடித்துச் சறுக்குகிறார்கள். கீழே குதிரைகள் தாமாகவே லாயத்தில் இருந்து ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நிற்கின்றன. அது நடிப்பு இல்லை, பழக்கம். அந்தக் காலத்து அமெரிக்க ஸ்டேஷன்களில் சேணத்தை மேலே தொங்கவிட்டிருப்பார்கள், குதிரை வந்து நின்றதும் அதன் முதுகில் இறக்கிப் பூட்டினால் வண்டி தயார். இதெல்லாம் போர்ட்டர் சொல்லிக்கொடுத்து வராது. இந்தப் பகுதி மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

அப்புறம் தெருவில் வண்டிகள் ஓடுகின்றன, ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வீடு எரிவதற்கு அத்தனை வண்டியா! ஊர்வலம்தான் அது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறைக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் புரியாது. அந்த ஆள் பெண்ணைத் தூக்கிப் போகும்போது குழந்தை கட்டிலிலேயே இருக்கிறது. அப்புறம் ஏன் திரும்பி வந்தார்? வெளியே காட்டும்போதுதான் தெரிகிறது, கீழே இறக்கியதும் அந்தத் தாய் மயக்கம் தெளிந்து, குழந்தை மேலே இருக்கிறது என்று கெஞ்சுகிறாள். புகைக்குள் போனவனுக்கு அறையில் யார் யார் என்று தெரியாது. கைக்குக் கிடைத்த ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவான், மிச்சத்தை வெளியே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் எப்போதுமே இப்படித்தான். உள்ளே போனவன் சொல்லும் கதை ஒன்று, தெருவில் ஹோஸ் பிடித்தவன் சொல்லும் கதை இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால்தான் என்ன நடந்தது என்று பிடிபடும். அதனால் எனக்கு இரண்டு தடவை வந்தது உறுத்தவே இல்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால், அந்த ஃபயர்மேன் அறைக்குள் நிமிர்ந்து நடக்கிறார். புகை மேலேதான் திரளும், உண்மையில் தரையோடு தரையாகத் தவழ்ந்துதான் போக வேண்டும். கேமராவுக்கு முகம் தெரிய வேண்டுமே, மன்னித்துவிடலாம்.

ரீல்பெட்டி:
ஐயா, அந்தத் தாய் கெஞ்சுவதை நான் கவனிக்கவே இல்லை! இப்போது போட்டுப் பார்த்தேன். நைட்ரேட் அண்ணா, அப்படியானால் வெட்டித் தொடுக்கும் முறை அப்போது யாருக்குமே தெரியாதா?

நைட்ரேட்:
தெரியும். 1901இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஜேம்ஸ் வில்லியம்சன் ‘ஃபயர்!’ என்று எடுத்தார். மருந்துக்கடை வைத்திருந்தவர், உள்ளூர் தீயணைப்புப் படையை வைத்தே எடுத்தார். அதில் உள்ளே இருந்து ஜன்னல் வழியாக ஆளைத் தூக்கிப் போகிறார்கள், அடுத்த ஷாட்டில் வெளியே ஏணியில் அதே செயல் தொடர்கிறது. போர்ட்டருக்கு முன்மாதிரியே அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. முதலில் வில்லியம்சன், பிறகு போர்ட்டர் என்று போடுங்கள். போர்ட்டருக்கு முன்னால், ‘அந்தத் தாய் கீழே வந்ததும் என்ன செய்கிறாள் பாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பழைய டெண்டர் ஐயாவுக்கு: குதிரை பிடித்திருந்தால் எமரி ஜான்சன் 1922இல் எடுத்த ‘தி தேர்ட் அலாரம்’ பாருங்கள். குதிரை வண்டி ஓட்டிய மூத்த வீரர், துறை மோட்டார் வண்டிக்கு மாறியதும் அதைப் பழக முடியாமல் ஓய்வூதியத்தோடு வெளியே போகிறார். ரால்ஃப் லூயிஸ் நடித்தது.

பழைய டெண்டர்:
பார்க்கிறேன். அந்தக் குதிரை என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.