டிலனாய் பற்றிய பலகை: "டச்சுக் கடற்படைத் தளபதி" என்று எழுதலாமா?

தக்கலைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைப் பற்றி எங்கள் நூலகத்தில் ஒரு பலகை வைக்கிறோம். 4 அடிக்கு 3 அடி. 150 சொல்லுக்கு மேல் வைத்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். டிலனாய்தான் மையம். இப்போது கையில் இருக்கும் வாசகம் இது: "டச்சுக் கடற்படைத் தளபதி டிலனாய், 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடற்போரில் சிறைபிடிக்கப்பட்டு, திருவிதாங்கூர் படையை உருவாக்கி, வலிய கப்பித்தான் பட்டம் பெற்றார்."

கேட்க வேண்டியது நான்கு. பதவி சரியா? தேதி சரியா? "படையை உருவாக்கினார்" என்று சொல்லலாமா? எதிரியிடமே வேலைக்குச் சேர்ந்தவர், அவர் பிடித்த நாடுகளில் நல்ல பெயரும் இல்லை என்று ஒரு பேச்சு உண்டே, அதைப் பலகையில் தொடலாமா, விட்டுவிடலாமா?

---

கோட்டாறு ஏடு எழுதியது:

தம்பி, முதல் சொல்லிலேயே திருத்தம் வேண்டும். டிலனாய் கடற்படைத் தளபதி இல்லை. அவர் இருந்தது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில். அது 1602இல் தொடங்கிய வியாபாரக் கம்பெனி. தனக்கென்று கப்பலும் தரைப்படையும் வைத்திருந்தது. ஹாலந்து அரசின் கடற்படை வேறு. இவர் கம்பெனியின் தரைப்படை ஆள். கப்பலில் வந்து இறங்கியதால் நம்மூரில் "கடற்படை" ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. "வலிய கப்பித்தான்" (பெரிய கேப்டன்) என்பது மார்த்தாண்டவர்மர் மகாராஜாவாக இருந்த காலத்தில் திருவிதாங்கூர் கொடுத்த பட்டம். பட்டத்தில் "கப்பித்தான்" இருப்பதைப் பார்த்துவிட்டு, டச்சுக்காரரிடமும் அவர் கேப்டனாகத்தான் இருந்திருப்பார் என்று பின்னோக்கி எழுதிவிடுகிறார்கள். இங்கே கிடைத்த மரியாதையை வைத்து அங்கே இருந்த பதவியைக் கணக்கிடக் கூடாது. குளச்சலில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவரும் இவர் இல்லை. "கம்பெனிப் படையில் இருந்தவர்" என்று மட்டும் போடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பிடிபட்ட ஒரு கம்பெனி ஆள், பிடித்த அரசனின் படைக்கே தலைவராக ஆனார் என்பதுதான் இந்த வாழ்க்கையில் வியக்க வேண்டிய இடம். ஆரம்பப் பதவியைத் தூக்கி வைத்தால் அந்த வியப்பு போய்விடும்.

"படையை உருவாக்கினார்" என்பதையும் எடுத்துவிடுங்கள். 1741இல் டச்சுக்காரரைத் தோற்கடித்த படைக்கு இவர் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுத்ததில்லை. அன்று அவர் எதிர்ப்பக்கம் இருந்தார்! அந்தப் படையை நடத்தியவர்கள் மகாராஜாவும் இராமய்யன் தளவாயும். டிலனாய் கையில் முதலில் வந்தது மெய்க்காப்புப் படையின் சில பிரிவுகள் மட்டும். அதில் பலன் தெரிந்த பிறகே பொறுப்பு படிப்படியாகக் கூடியது. "ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார்" என்றால் சரியாக இருக்கும்.

---

குளச்சல் கரை எழுதியது:

ஏடு அண்ணன் சொன்னதோடு, "கடற்போர்" என்ற சொல்லும் போக வேண்டும். நடந்தது கரையில் போட்ட முற்றுகை. டச்சுக்காரர் குளச்சலில் இறங்கி, கரையோரம் வேலி அடைத்து உள்ளே இருந்தார்கள். ஆடிக் கடல் எப்படி இருக்கும் என்று நம்மூர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். குளச்சல் திறந்த கரை, அன்று துறைமுகச் சுவர் கிடையாது. தென்மேற்குக் காற்றில் பெரிய கப்பல் நங்கூரமிட்டு நிற்க முடியாது, படகில் ஆள் இறக்குவதும் ஆபத்து. உதவிப்படை கடல்வழியே வந்து சேர வழியில்லாமல் போனது.

ஆகஸ்ட் 5 அன்று திருவிதாங்கூர் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. அந்தத் தீயில் அரிசி மொத்தமும் எரிந்துபோனது. தின்ன அரிசி இல்லை, மருந்தும் போயிற்று. 7ஆம் தேதி சரணடைந்தார்கள். பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி காட்டினார்கள் என்று கரையில் சொல்லும் கதையைச் செவிவழிக் கதை என்று சொல்லியே சேருங்கள்.

தேதியில் கவனம். 10ஆம் தேதியே ஊரெல்லாம் பழக்கம். ஜூலை 31 என்றும் எழுதுகிறார்கள். பழைய காலண்டர், புதிய காலண்டர் வித்தியாசம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். ஜூலை 31உடன் 11 கூட்டினால் ஆகஸ்ட் 11 வரும், 10 வராது. டச்சுக்காரர் அப்போதே புதிய காலண்டரில்தான் எழுதினார்கள், ஆங்கிலேயர் மாறியது 1752இல். ஆகவே பலகையில் "1741 ஆகஸ்ட், ஆடி மாதம்" என்று போடுங்கள்.

கொல்லம் ஆண்டு சேர்ப்பதாக இருந்தால்: ஆங்கில ஆண்டிலிருந்து ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கழிக்க வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. ஆடி என்பதால் 1741 - 825 = 916. பலரும் 824ஐக் கழித்து 917 என்று போட்டுவிடுகிறார்கள்.

---

தக்கலைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. "ஐரோப்பிய முறைப் பயிற்சி" என்று ஒற்றை வரியில் எழுதினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. அதில் அப்படி என்ன புதுசு? துப்பாக்கி நம்மாட்களிடம் முன்பே இருந்ததுதானே?

---

கோட்டாறு ஏடு:

இருந்தது. புதுசு துப்பாக்கியில் இல்லை, ஒரே நேரத்தில் சுடுவதில் இருக்கிறது.

அக்காலச் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு 100 கெஜம் தாண்டினால் குறி கிடையாது. தனி ஆள் சுட்டால் குண்டு எங்கேயும் போகும். ஆகவே ஆட்களைத் தோளோடு தோளாக வரிசையில் நிறுத்தி, ஒரு பிரிவு சுடும்போது அடுத்தது கெட்டித்துக்கொண்டிருக்கும்படி பழக்கினார்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழி. கிண்ணியில் (பொறி விழும் சின்னக் குழியில்) கொஞ்சம் வெடிமருந்து தட்டி மூடு. மிச்ச மருந்தைக் குழாயில் கொட்டு. குண்டையும் காகிதத்தையும் மேலே போட்டுக் கம்பியால் இடி. கம்பியை உருவி அதன் இடத்தில் செருகு. பிறகு உயர்த்து, சுடு. பழகிய ஆள் நிமிடத்துக்கு 2, 3 தடவை சுடுவான். பழகாதவன் பதற்றத்தில் கம்பியைக் குழாய்க்குள்ளேயே விட்டுச் சுட்டுவிடுவான். கம்பி பறந்துபோனால் அதோடு அவன் துப்பாக்கி வெறும் தடி.

சிக்கிமுக்கிக் கல் சில பத்துச் சுடுதலில் மழுங்கும், மாற்றுக்கல் பையில் இருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் பக்கத்தில் கிண்ணி மருந்து நமுத்துப்போவது பெரிய தொல்லை. நமுத்தால் பொறி விழும், குழாய் பேசாது. அந்த நேரத்தில் வரிசை கலையாமல் பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) நீட்டி நிற்பதற்குத்தான் இத்தனை பயிற்சியும். தனித்தனி வீரம் நம்மாட்களுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டளை வரும்வரை சுடாமல் நிற்பது வேறு ஒரு பழக்கம், அது வருவதற்கு மாதக்கணக்காகும்.

இதோடு கோட்டை வேலையும் உண்டு. உதயகிரி முதலில் மண்கோட்டை. 1741-44இல் கருங்கல்லில் எழுப்பியதும், உள்ளே பீரங்கி வார்த்ததும், பத்மநாபபுரம் கோட்டை, வட்டக்கோட்டை வேலைகளும் இவர் மேற்பார்வையில். வடக்கே எல்லையைக் காத்த நீண்ட அரணான நெடுங்கோட்டையும் அப்படித்தான். திப்பு சுல்தான் 1789 டிசம்பர் கடைசியில் அதை முட்டித் திரும்பியபோது டிலனாய் இறந்து 12 வருடம் ஆகியிருந்தது. பலகையில் இடம் இருந்தால் இதைக் கட்டாயம் சேருங்கள்.

---

வேளிமலை அடிவாரம் எழுதியது:

பட்டம், பதவி என்று இவ்வளவு பேசுகிறோம். அவர் பெற்ற பெரிய விருது கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, கூரை இல்லாத அந்தச் சிற்றாலயத்தில் உள்ள கல்லறை எழுத்து. "வழிப்போக்கனே, நில்" என்று லத்தீனில் தொடங்கும். திருவிதாங்கூர்ப் படையின் பொதுத் தளபதியாக இருந்து, ஏறத்தாழ 37 ஆண்டு அரசனுக்கு விசுவாசமாக உழைத்தவர் என்று சொல்லும். அடுத்துக் காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அடக்கியவர் என்று வரும். முடிவில் வயதும் இறந்த நாளும்.

வயது ரோமன் எண்ணில் இருக்கும்: எல், எக்ஸ், ஐ, ஐ. அதாவது 50, 10, 1, 1, ஆக 62. கூடவே ஐந்து மாதம். இறந்தது ஜூன் 1. ஆண்டு: எம், டி, இரண்டு சி, எல், இரண்டு எக்ஸ், வி, இரண்டு ஐ. கூட்டினால் 1777. அதிலிருந்து 62 வருடம் 5 மாதம் கழித்தால் பிறப்பு 1714 முடிவு அல்லது 1715 தொடக்கத்துக்குப் போகும். 1715 டிசம்பர் என்று புழங்கும் தேதி கல்லோடு ஒத்துவராது, ஒரு வருடம் இடிக்கும். ஆகவே பிறந்த தேதியைப் போடாமல் "62 வயதில் மறைந்தார்" என்று கல்லின் கணக்கையே போடுங்கள்.

படம் எடுக்கப் போவதானால் உச்சி வெயிலில் போகாதீர்கள், எழுத்து தட்டையாகிவிடும். காலை சாய்வெயில் நல்லது. இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். இடப்பக்கமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம், இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்க வேண்டாம். எழுத்துப் பள்ளத்தில் தங்கிவிடும், கழுவக் கழுவக் கல் உதிரும். லத்தீன் வெட்டில் "யு" வர வேண்டிய இடத்தில் "வி" வடிவம் இருந்தால் குழம்ப வேண்டாம், அது அந்தக்கால வழக்கம்.

---

நாஞ்சில் மகள் எழுதியது:

வேளிமலை அண்ணன் அந்த வரியில் முக்கியமான சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். "அடக்கினார்" மட்டும் அங்கே இல்லை. "வி ஆர்மோரும் ஆக் தெர்ரோரே" என்று இருக்கிறது. ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் என்று பொருள். அவரைப் போற்றி வைத்த கல்லே அச்சம் என்ற சொல்லை மறைக்கவில்லை. நாம் எதற்கு மறைக்க வேண்டும்? காயங்குளமும் அம்பலப்புழையும் தெக்கும்கூரும் வடக்கும்கூரும் தனித்தனி நாடாக இருந்தவை. அங்குள்ளவர்களுக்கு இந்தப் படை வந்த வரலாறு வேறு மாதிரிதான் இருக்கும்.

தேவசகாயம் பிள்ளையையும் விடக் கூடாது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்பது அவருடைய முதல் பெயர். அவர் கிறிஸ்தவத்தை அறிந்தது டிலனாய் வழியாக. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். அவரைக் கொன்ற அரசுக்கு டிலனாய் அதன்பிறகும் 25 ஆண்டு படை நடத்தினார். இதற்காக அவரைப் பழிப்பவர்கள் உண்டு. படைத்தலைவராக இருந்தாலும் அரச ஆணைக்குக் கீழே இருந்தவர்தானே என்பவர்களும் உண்டு. 1765இல் களக்காட்டுச் சண்டையில் சொந்த மகனையும் இந்த அரசுக்காகவே பறிகொடுத்தார். பலகையில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் தம்பி. ஆனால் 1752உம் 1777உம் அடுத்தடுத்த வரியில் இருக்கட்டும்.

---

தக்கலைக்காரன்:

அக்கா சொன்ன மாதிரியே செய்கிறேன். இப்போதைய வாசகம்:

"டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த யூஸ்டேஷியஸ் டிலனாய், 1741 ஆடியில் குளச்சல் முற்றுகையில் திருவிதாங்கூரிடம் பிடிபட்டார். அரசரின் மெய்க்காப்புப் படையைப் பயிற்றுவித்து, படிப்படியாக வலிய கப்பித்தான் ஆனார். இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் எழுப்பும் பணியை மேற்பார்த்தார். காயங்குளம் முதல் கொச்சி வரை 'ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும்' அடக்கியவர் என்று அவர் கல்லறை சொல்கிறது. அவர் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்த தேவசகாயம் பிள்ளை 1752இல் இதே அரசால் கொல்லப்பட்டார். டிலனாய் 1777 வரை இதே அரசுக்குப் பணிபுரிந்து, 62 வயதில் மறைந்தார். 37 ஆண்டுப் பணி."

பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள சரணடையும் ஓவியத்தைப் பக்கத்தில் போடலாமா?

---

கோட்டாறு ஏடு:

போடலாம், ஆனால் கீழே "பிற்காலத்தில் வரைந்தது" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த உடையும் வாளும் நேரில் பார்த்து வரைந்தவை என்று நினைப்பார்கள்.

கடைசி வரியில் "ஏறத்தாழ 37" என்று மாற்றுங்கள். 1741இலிருந்து 1777க்கு 36தான். கல்லிலும் "ஏறத்தாழ" என்ற சொல் இருக்கிறது.

---

குளச்சல் கரை:

ஒன்று கூட. ஃபிளெக்ஸ் கடையில் பழைய மென்பொருளாக இருந்தால் யூனிகோட் தமிழை ஒட்டும்போது கொம்பும் காலும் பிரிந்துபோகும். "கொச்சி"யும் "கோட்டை"யும்தான் முதலில் உடையும். வாசகத்தை பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அச்சுக்கு முன் ஏ4 தாளில் ஒரு நகல் எடுத்து, அந்த இரண்டு சொல்லையும் ரோமன் எண்ணிலிருந்து மாற்றிய ஆண்டுகளையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.