'சஸ்டென்டாகுலர்' செல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். உடற்கூறியல் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'சஸ்டென்டாகுலர் செல்கள்' என்ற இடத்தில் மூன்று நாளாக நின்றுவிட்டேன்.

வேர் புரிகிறது. லத்தீனில் 'சஸ்டென்டாகுலும்' என்றால் முட்டு, தாங்கல். அடியில் என்னும் 'சப்', பிடி என்னும் 'டெனேரே' இரண்டும் சேர்ந்த 'சஸ்டினேரே' வினையின் வழி வந்தது. குதிகால் எலும்பிலிருந்து துருத்திக்கொண்டு, மேலுள்ள கணுக்கால் எலும்பைத் தாங்கும் சிறு திட்டுக்கும் 'சஸ்டென்டாகுலும் டாலி' என்றே பெயர். அங்கே 'தாங்கி' கச்சிதமாகப் பொருந்துகிறது.

செல்லில்தான் இடறுகிறது. மூக்கின் மோப்பப் படலத்தில் நரம்புச் செல்களுக்கு இடையே நிற்பவையும், விந்தகத்தில் என்ரிகோ செர்டோலி 1865-இல் விவரித்தவையும் இதே பெயரில் வருகின்றன. செர்டோலி செல் வெறும் முட்டுக்கொம்பா என்ன? வளரும் விந்தணுவுக்கு ஊட்டமும் கொடுக்கிறதே! 'தாங்கு செல்' என்றால் பந்தற்கால் நினைவுக்கு வருகிறது. 'செவிலிச் செல்' அழகுதான், ஆனால் லத்தீன் பொருள் நழுவிவிடுகிறது.

மருத்துவம், செவிலியம், விலங்கியல் ஆகியவற்றைத் தமிழில் படித்தவர்களே, கற்பித்தவர்களே, உங்கள் வகுப்பில் எந்தச் சொல் புழங்கியது? இரண்டு உறுப்புகளுக்கும் ஒரே சொல்லா, தனித்தனியா? ஞாயிற்றுக்கிழமைக்குள் குறிப்பை ஒப்படைக்க வேண்டும்.