முதல் வேந்தரின் வாய்மொழி வரலாறு: எழுத்துப்படி போதுமா, ஒலிநாடாவையும் கேட்க வேண்டுமா?

கேள்வி

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் உருவான விதம் குறித்து ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் வேந்தர் டீன் மெக்ஹென்றி; 1961 முதல் 1974 வரை பொறுப்பில் இருந்தவர். (வேந்தர் என்றதும் நமக்கு ஆளுநர் நினைவுக்கு வருவார். அங்கே வளாகத்தை அன்றாடம் நடத்துகிறவரே வேந்தர் என்பதால், நம் துணைவேந்தருக்கு நிகராக அவரைக் கொள்ளலாம்.) எலிசபெத் ஸ்பெடிங் கால்சியானோ அவரிடம் எடுத்த நீண்ட நேர்காணல்கள் மூன்று தொகுதிகளாக எழுத்துப்படியில் கிடைக்கின்றன. மூல ஒலிப்பதிவைக் கேட்காமல் ‘அவர் சொன்னார்’ என்று எழுதக் கூடாது என்கிறார் என் நெறியாளர். இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது?

முதல் பதில்

வேறுபாடு உண்டு, சில இடங்களில் பெரிதாகவே உண்டு. அமெரிக்க வாய்மொழி வரலாற்றின் தொடக்க காலத்தில் தட்டெழுத்துப் படியைத்தான் ஆவணமாகக் கருதினார்கள். 1948-இல் அப்பணியைத் தொடங்கிய கொலம்பியா பல்கலைக்கழகத்தில், படி தயாரானதும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திய காலமும் இருந்தது. படியைப் பேசியவருக்கே அனுப்பித் திருத்தி வாங்கும் வழக்கமும் அன்று முதல் பரவலாக உள்ளது. ஆகவே நாம் படிப்பது அவர் பேசியதை மட்டுமன்று, பிறகு அவர் நிதானமாக யோசித்து இப்படி இருக்கட்டும் என்று முடிவு செய்ததையும் சேர்த்துத்தான்.

வேறொரு நிர்வாகியின் நேர்காணலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். படியில் “குழுவில் சிறிது தயக்கம் இருந்தது” என்று ஒரே வரி. நாடாவிலோ கேள்வி முடிந்ததும் நெடிய மௌனம், நாற்காலி நகரும் ஓசை, ஒரு சிரிப்பு, அதன் பிறகுதான் அந்த வரி. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு ‘சிறிது’ என்ற சொல்லை என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நாடாவைக் கேட்டுவிட்டால் உண்மை கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். புதிய வளாகத்துக்கு இடம் தேடி அல்மேடன் பள்ளத்தாக்கையும் சாண்டா குரூஸையும் ஒப்பிடப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினர் சென்ற நாளில் அல்மேடனில் வெயில் கொளுத்தியது, சாண்டா குரூஸின் ரெட்வுட் மர நிழலுக்கு வந்ததும் அவர்கள் மனம் மாறியது என்றொரு கதை அந்த வளாகத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான். ஆனால் சாண்டா குரூஸில் வளாகம் எழுந்த கவல் பண்ணை, ஒரே உரிமையாளரிடம் இருந்ததால் வாங்க எளிதான பெருநிலம் என்பதை நிழலுக்குக் கீழே மறைத்துவிடுகிறது. நிறுவியவர்கள் பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய கதைகளைக் குரலில் கேட்டாலும் அப்படியே ஏற்கக் கூடாது. ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளோடும் நிலப் பத்திரங்களோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் தம் நினைவுகளைத் தனியே எழுதியிருக்கிறார். அவரும் மெக்ஹென்றியும் ஸ்டான்ஃபோர்டில் அறைத் தோழர்கள் என்பதால், இருவர் கூற்றும் ஒத்துப்போவதை இரு தனிச் சான்றுகளாக எண்ணிவிடாதீர்கள். 1965-இல் டிரெய்லர்களில் தங்கிப் படித்த முதல் மாணவர்களின் நினைவுகள் இதற்கு நல்ல மாற்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒலிப்பதிவைக் கேட்க அனுமதி கிடைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம் பதில்

மூல நாடாவை உங்கள் கையில் தரமாட்டார்கள், நீங்களும் அதைத் தரச் சொல்ல வேண்டாம். பழைய நாடாக்களில் சிலவற்றில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். பக்குவப்படுத்தாமல் ஓட்டினால் ஒலிப்பூச்சு உரிந்து வந்துவிடும். எண்மப் படியையே கேளுங்கள். பேச்சு தொடங்கும் முன்பே அதே சொற்கள் மெல்லிய எதிரொலியாகக் கேட்டால் மிரள வேண்டாம். சுருளில் அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தப் பதிவு ஒன்றில் ஒன்று படிந்ததால் வருவது அது. எழுத்துப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் இயலுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் ஒப்பிட்டாலே போதும். மேற்கோளில் படியின் பக்கத்தையும் ஒலியின் நிமிடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு தொகுதியின் முன்னுரையையும் படித்துவிடுங்கள். எப்போது பதிவு செய்தது, யார் எவ்வளவு திருத்தியது என்பதைப் பேட்டி எடுத்தவர்கள் வழக்கமாக அங்கேதான் எழுதுவார்கள்.

கேள்வி கேட்டவர்

முன்னுரைகளைப் புரட்டித் தள்ளிவிட்டு நேரே நிலத்தேர்வுப் பகுதிக்குப் போயிருந்தேன். இன்றிரவு அங்கிருந்தே தொடங்குகிறேன்.